ஒரு ‘தி’ விட்டுப்போனால் குடியா முழுகிவிடும்?

வாசகர் கேள்வி:

ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது மெயில் போடுகிறேன். வேலை அத்துப்படி, ஆங்கிலத்தில் ‘எ’, ‘அன்’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள் மட்டும் வசப்படவில்லை. போன வாரம் ஒரு பையர் சரக்கைக் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்பச் சொன்னார். முடியவே முடியாது என்ற பொருளில் ‘ஏர் ஷிப்மென்ட் இஸ் அவுட் ஆஃப் கொஸ்டின்’ என்று எழுதினேன். மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி, ‘நடுவில் தி எங்கேம்மா?’ என்று கேட்டார். பக்கத்து சீட் அக்காவோ, ‘தி’ இல்லாவிட்டால் ‘சந்தேகமே இல்லை’ என்று நேர்மாறான அர்த்தம் வரும் என்கிறார். உண்மையா? இலக்கணப் புத்தகத்தில் ‘தி’ வரும் இடங்கள் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டுவிட்டு, மரபுத்தொடர்கள் விதிவிலக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியதே அந்த விதிவிலக்குதான். அர்த்தம் புரிந்தால் போதாதா? ஆறாவது படிக்கும் மகள் ‘ஐ கோ டு டெம்பிள்’ என்று எழுதியதை மிஸ் சுழித்திருக்கிறார். ‘கோ டு சர்ச்’ சரியென்றால் இது ஏன் தப்பு?

– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் பக்கத்து சீட் அக்காவுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். ‘அவுட் ஆஃப் தி கொஸ்டின்’ என்றால் பேச்சுக்கே இடமில்லை என்று பொருள். ‘தி’ இல்லாத ‘அவுட் ஆஃப் கொஸ்டின்’ என்பதற்கு ‘ஐயமே இல்லை’ என்ற பொருள் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் இலக்கணப் புத்தகங்களும் உண்டு. ஆனால் இன்று அந்தப் பொருளில் அதை எழுதுவார் இல்லை. ஐயமில்லை என்று சொல்ல ‘பியாண்ட் கொஸ்டின்’, ‘வித்அவுட் கொஸ்டின்’ என்ற தொடர்கள் இருக்கின்றன. ஆகவே உங்கள் பையர் அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு விமானத்தில் சரக்கு வருமென்று காத்திருக்க மாட்டார். ஒரு ‘தி’ விட்டுப்போயிற்று என்று மனதுக்குள் போட்டுக்கொண்டு படித்திருப்பார், அவ்வளவுதான்.

அர்த்தம் புரிந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். இருபத்தைந்து வருடமாக வகுப்பெடுக்கிறேன். இதற்கு நான் சொல்லும் பதில் ஆசிரியர் சங்கத்துக்குப் பிடிக்காது. பாதி இடங்களில் போதும். ‘வி ஆர் இன் ஹரி’ என்று எழுதினால் காதுக்கு இடறும், பொருள் இடறாது. ‘இன் எ ஹரி’ என்பதே சரி என்றாலும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மீதிப் பாதியில் ஆர்ட்டிகிள் போனால், அல்லது வேண்டாத இடத்தில் வந்தால், சொன்னதே வேறாகிவிடும். உங்கள் தொழிலில் அது பணம். அந்தப் பாதியை முதலில் பிடியுங்கள். மற்றது படிக்கப் படிக்கத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். புத்தகங்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுவதால்தான் உங்களுக்கு மலைப்பாக இருக்கிறது.

பணம் போகும் இடத்துக்கு ஓர் உதாரணம், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். ‘ஃபியூ பீசஸ் ஆர் டிஃபெக்டிவ்’ என்றால், பழுது அநேகமாக இல்லை, நிம்மதியாக இருங்கள் என்று அர்த்தம். ‘எ ஃபியூ பீசஸ் ஆர் டிஃபெக்டிவ்’ என்றால், சில பீஸ்கள் பழுது, கவனியுங்கள் என்று அர்த்தம். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் ஒன்று ‘இல்லை’ பக்கம் சாய்கிறது, மற்றது ‘இருக்கிறது’ பக்கம் சாய்கிறது. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும் இதே கதை. ‘வி ஹேவ் லிட்டில் ஸ்டாக்’ என்றால் கையை விரிக்கிறீர்கள். ‘எ லிட்டில் ஸ்டாக்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது, தரலாம். இதோடு நின்றால் பரவாயில்லை. முன்னால் ‘கொய்ட்’ சேர்த்து ‘கொய்ட் எ ஃபியூ’ என்று சொன்னால் ‘கணிசமாகவே இருக்கிறது’ என்று ஆகிவிடும். ‘கொஞ்ச நஞ்சமா செலவாச்சு!’ என்று நாம் சொல்லும்போது கொஞ்சம் என்ற சொல் நிறையவைக் குறிப்பதில்லையா, அந்த மாதிரி.

இன்னொன்று கார்ட்டன் கணக்கு. ‘எ நம்பர் ஆஃப் கார்ட்டன்ஸ் ஆர் டேமேஜ்டு’ என்பது ‘பல கார்ட்டன்கள் சேதம்’, வினை பன்மை. ‘தி நம்பர் ஆஃப் கார்ட்டன்ஸ் இஸ் 120’ என்பது ‘கார்ட்டன்களின் எண்ணிக்கை 120’; வினை ஒருமை, ஏனென்றால் எண்ணிக்கை என்பது ஒன்றுதான்.

‘இன் கேஸ் ஆஃப் டிலே’ என்றால் தாமதம் ஏற்பட்டால், ஏற்படாமலும் போகலாம். ‘இன் தி கேஸ் ஆஃப் திஸ் ஆர்டர்’ என்றால் இந்த ஆர்டரைப் பொறுத்தவரை, அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ இதைவிட வில்லங்கம். சூப்பர்வைசர் டையிங் யூனிட்டைக் கவனிக்கிறார் என்றால் ‘தி சூப்பர்வைசர் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி யூனிட்’. அதையே யூனிட்டில் தொடங்கினால் ‘தி யூனிட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி சூப்பர்வைசர்’ என்று ‘சார்ஜ்’ முன்னால் ‘தி’ வந்தாக வேண்டும். வராவிட்டால் யூனிட் சூப்பர்வைசரை மேய்க்கிறது என்று ஆகும். சில யூனிட்களில் அதுதான் நடக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும்.

ஒரு ‘தி’ பெரிய இடத்தையும் படுத்தியிருக்கிறது. 1967 ஜூன் அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு, அந்த வருடம் நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்று சொல்லும் இடத்தில், ஆங்கில வாசகத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ இல்லை. பிரெஞ்சு வாசகத்தைப் படித்தால் அது இருப்பது போலப் பொருள்படுகிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்தா? அந்த வாதம் இன்றுவரை ஓயவில்லை. அதற்கு முன்னால் உங்கள் மேனேஜர் கேட்டதெல்லாம் ஒரு கேள்வியா?

சரி, விதிவிலக்கு என்று ஒதுக்கிய அந்தத் தொடர்களுக்குள் ஏதாவது ஒழுங்கு உண்டா? உண்டு, அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில்.

‘தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் நமக்கு வரமாட்டேன் என்கிறது’ என்று என் வகுப்புக்கு வரும் எல்லோரும் சொல்கிறார்கள். பெயர்தான் கிடையாது, வேலை நடக்கிறது. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு...’ என்று பாட்டி கதை சொல்லும்போது ‘ஒரு’ என்பது ‘எ’ வேலையையும் ‘அந்த’ என்பது ‘தி’ வேலையையும் பார்க்கின்றன. ஆங்கில ‘எ’, ‘அன்’ இரண்டும் ‘ஒன்று’ என்ற பழைய எண்ணுப்பெயர் தேய்ந்து வந்தவை. ‘தி’ வந்ததும் ஒரு பழைய சுட்டுச்சொல்லிலிருந்துதான். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, மெய்க்கு முன் ‘ஒரு’ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையும் ‘அன்’, ‘எ’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (சமையலறையில் கட்டும் ஏப்ரன், ஒரு காலத்தில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லச் சொல்ல, அந்த ‘ன்’ முன்னால் போய் ஒட்டிக்கொண்டு ‘அன் ஏப்ரன்’ ஆகிவிட்டது. ஆங்கிலேயருக்கே எங்கே வெட்டுவது என்று தெரியாமல் போன ஓர் இடம் அது.)

நாம் ‘ஒரு’, ‘அந்த’ இரண்டையும் விட நுட்பமாக இன்னொன்றைப் பயன்படுத்துகிறோம், யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டாம் வேற்றுமை ஐ. ‘பெண் பார்க்கப் போனார்கள்’, ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’. முதலாவதில் பஜ்ஜி, சொஜ்ஜி, மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் வந்துவிடுகிறார்கள். அது ஒரு சடங்கின் பெயர். இரண்டாவதில் ஹாஸ்டலில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருக்கலாம். ‘மகன் தாயைக் கைவிட்டான்’ என்றால் ஊர் காறித் துப்பும். ‘திருவிழாக் கூட்டத்தில் மகன் தாயின் கையை விட்டான்’ என்றால் தேடுவார்கள். ‘வாய் விட்டுச் சிரித்தாள்’ வேறு, ‘வாயை விட்டு மாட்டிக்கொண்டாள்’ வேறு. ஐ உதிர்ந்த இடத்தில் பொருள் கரைந்து செயல் நிற்கிறது. ஐ வந்த இடத்தில் அந்தக் குறிப்பிட்ட பொருள் முன்னால் வந்து நிற்கிறது. மூன்று வயதுக் குழந்தைகூட இதைத் தப்பாகச் சொல்வதில்லை.

ஆங்கிலத் தொடர்களில் ஆர்ட்டிகிள் உதிர்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். உங்கள் மகள் ‘கோஸ் டு ஸ்கூல்’: போவது படிக்க, கட்டடத்தைப் பார்க்க அல்ல. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீங்கள் போனால் ‘ஐ வென்ட் டு தி ஸ்கூல்’: உங்களுக்கு அது ஓர் இடம், அவ்வளவே. ‘கோ டு பெட்’ என்றால் தூங்கப் போவது. பூனை உட்கார்ந்திருப்பது ‘ஆன் தி பெட்’. ‘டேக் பிளேஸ்’ என்றால் நடைபெறுதல், அதில் எந்த இடமும் இல்லை. ‘டேக் தி பிளேஸ் ஆஃப்’ என்றால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருவது. ‘பை பஸ்’ என்றால் பயண வகை. நீங்கள் ஏறியிருக்கும் வண்டி என்றால் ‘ஆன் தி பஸ்’. (நடந்து போவது ‘ஆன் ஃபுட்’. ‘பை வாக்’ என்று நம் ஊரைத் தவிர வேறெங்கும் யாரும் போவதில்லை.) ‘இன் ஆஃபீஸ்’ என்றால் பதவியில் இருப்பது, அமைச்சர்களுக்குச் சொல்வது. ‘எம்.டி. இஸ் நாட் இன் ஆஃபீஸ்’ என்று எழுதினால் அவர் பதவியே போய்விட்ட தோரணை வரும். ‘இன் தி ஆஃபீஸ்’ என்று எழுதுங்கள், மனிதர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

இரட்டையாக வருவனவற்றிலும் ஆர்ட்டிகிள் உதிர்ந்துவிடும்: ‘ஃபேஸ் டு ஃபேஸ்’, ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’, ‘ஸ்டெப் பை ஸ்டெப்’. நேருக்கு நேர், கைகோத்து, படிப்படியாக. தமிழிலும் இவை ஒற்றைச் சொல் போல ஓடுவதைக் கவனியுங்கள்.

இப்போது மகளின் கோயிலுக்கு வருவோம். நல்ல கேள்வி, மிஸ்ஸிடம் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்குமா தெரியாது. வழிபடத்தானே போகிறாள், அப்புறம் ஏன் ‘தி’? தர்க்கப்படி அது உதிரத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சலுகை எல்லாச் சொல்லுக்கும் கிடையாது. ஆங்கிலம் பேசியவர்களின் அன்றாடத்தில் புழங்கித் தேய்ந்த சில சொற்களுக்கு மட்டும்தான்: சர்ச், ஸ்கூல், காலேஜ், பெட், பிரிசன், கோர்ட், ஒர்க் என்று ஒரு சின்னக் குடும்பம். டெம்பிளும் மாஸ்க்கும் (மசூதி) பொதுவாக அந்தக் குடும்பத்தில் சேர்க்கப்படவில்லை. அவற்றுக்கு ‘கோ டு தி டெம்பிள்’, ‘கோ டு தி மாஸ்க்’. பேங்க், போஸ்ட் ஆஃபீஸ், சினிமாவுக்கும் ‘தி’ உண்டு. நாம் தினமும் சொல்லும் ‘கோ டு ஆஃபீஸ்’ என்பதும் அந்தக் குடும்பத்தில் இல்லை. ‘கோ டு தி ஆஃபீஸ்’ அல்லது ‘கோ டு ஒர்க்’. மகள் செய்தது ஒரு வழக்கத்தை உரிய இடத்துக்கு அடுத்த இடத்திலும் நீட்டியதுதான். அது மூளை வேலை செய்வதன் அடையாளம். மதிப்பெண் போகட்டும், விடுங்கள்.

ஐ கணக்குக்கு அடங்காத தொடர்களும் ஏராளம். ‘ஆஸ் எ ரூல்’, ‘ஆஸ் எ ரிசல்ட்’, ‘ஆன் தி ஹோல்’, ‘இன் தி லாங் ரன்’, ‘அட் எ லாஸ்’, ‘ஃபார் தி டைம் பீயிங்’, ‘இன் தி மீன்டைம்’. இவற்றில் ஏன் ‘எ’, ஏன் ‘தி’ என்று நோண்டுவது வெங்காயம் உரிப்பது. முழுத் தொடரையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘இனஹரி’ என்று ஒரு சொல், ‘அசரிசல்ட்’ என்று ஒரு சொல். இதனால்தான் இந்தத் தொடர்களை எல்லாம் உங்களுக்குத் தமிழெழுத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறேன்; இவை கண்ணால் படிக்க அல்ல, காதால் பிடிக்க வேண்டியவை. உரக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் நோண்டிக் காட்டுகிறேன், உங்கள் மெயில்களில் நிச்சயம் இருக்கும் என்பதால். அப்ரூவல் கேட்கும்போது நம் ஊர் அலுவலகங்களில் ‘சூனர் தி பெட்டர்’ என்று போடுகிறார்கள். ‘தி சூனர் தி பெட்டர்’ என்று இரண்டு ‘தி’யும் வேண்டும். உண்மையில் இது நமக்குத் தெரிந்த ‘தி’யே அல்ல. பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் கருவி வேற்றுமை (நம் ‘ஆல்’ போல) வடிவம் ஒன்று தேய்ந்து இந்த உருவில் தங்கிவிட்டது. ‘எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது’ என்பதில் ‘எவ்வளவு’, ‘அவ்வளவு’ இரண்டும் சேர்ந்துதான் சங்கிலி. ‘சீக்கிரமோ அவ்வளவு நல்லது’ என்று தமிழில் சொல்வீர்களா? ‘ட்வைஸ் எ டே’ என்பதில் இருக்கும் ‘எ’வும் இதே போல வேஷம் போட்டது, அது முதலில் ‘ஆன்’ என்ற சொல்லாக இருந்தது. இந்த மாதிரி பழைய எலும்புகள் மரபுத்தொடர்களில் நிறையப் புதைந்திருக்கின்றன. அதனால்தான் இன்றைய விதியை வைத்து அவற்றை அளக்க முடிவதில்லை.

பையர் எந்த நாடு என்பதையும் பாருங்கள். பிரிட்டிஷ்காரர் நோயாளியாகப் படுத்திருந்தால் ‘இன் ஹாஸ்பிட்டல்’, அமெரிக்கர் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’. இனிமேல் இப்படி நடக்காது என்று சொல்ல பிரிட்டனில் ‘இன் ஃபியூச்சர்’, அமெரிக்காவில் ‘இன் தி ஃபியூச்சர்’. இதைக் கருதி என்று சொல்ல பிரிட்டனில் பெரும்பாலும் ‘இன் தி லைட் ஆஃப்’, அமெரிக்காவில் ‘இன் லைட் ஆஃப்’. பல்வலிக்கு பிரிட்டிஷ்காரர் ‘எ’ போடாமலும் இருப்பார், அமெரிக்கர் போடுவார்; தலைவலிக்கு இருவரும் ‘எ ஹெட்ஏக்’தான். நியூயார்க் பையருக்கு லண்டன் ஆர்ட்டிகிளைப் போட்டால் யாரும் ஆர்டரை ரத்து செய்யப் போவதில்லை. ஆனால் மேனேஜர் மறுபடி எல்லோர் முன்னாலும் வாசித்தால், பதில் சொல்ல உங்களிடம் ஒரு பிடி இருக்கும்.

மரபுத்தொடர்ப் பட்டியல் புத்தகம் வாங்காதீர்கள். அதில் உள்ள பாதியை எந்த பையரும் வாழ்நாளில் எழுதியிருக்க மாட்டார். உங்கள் அனுப்பிய மெயில்களையே திறந்து, அடிக்கடி வரும் பதினைந்து தொடர்களைப் பொறுக்குங்கள். ஒவ்வொன்றிலும் முக்கியமான சொல்லை, அதாவது ‘ஹரி’, ‘சார்ஜ்’, ‘கேஸ்’ என்பதை, கற்போருக்கான அகராதி ஒன்றில் தேடுங்கள். சாதாரண அகராதி பொருள் மட்டும் சொல்லும், இது ஆர்ட்டிகிளோடு தொடரையும் காட்டும். ஆக்ஸ்ஃபோர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிக்கு மூலமானதை ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் தொகுத்தார். 1942-இல் அங்கேயே முதலில் வெளிவந்தது. ஜப்பானிய மொழியிலும் ஆர்ட்டிகிள் கிடையாது. நம்மைப் போலத் திணறியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் போட்ட புத்தகம்.

கடைசியாக, மேனேஜர் கவனிக்காமல் விட்ட ஒன்று. ‘அவுட் ஆஃப் தி கொஸ்டின்’ என்று ‘தி’யோடு சரியாகவே எழுதியிருந்தாலும் அதை நான் அனுப்பவிட்டிருக்க மாட்டேன். அது ‘அந்தப் பேச்சே எடுக்காதே’ என்று கதவைச் சாத்தும் தொடர். வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லலாம், ஆர்டர் கொடுப்பவரிடம் சொல்லக் கூடாது. ‘வி ஆர் சாரி, பட் ஏர் ஷிப்மென்ட் இஸ் நாட் பாசிபிள் அட் திஸ் பிரைஸ்’ என்று எழுதுங்கள். விலையை ஏற்றிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்ற ஜன்னல் அதில் திறந்தே இருக்கிறது. ஆர்ட்டிகிள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை பாருங்கள்.